ஏறத்தாழ

யெல்கோ தீவில் டீசல் ஜெனரேட்டர்
மாலை ஆறுக்கு எழுந்து
இரவு பதினொன்றுக்குப் படுத்துவிடும்.
அதற்குள் முடித்தாக வேண்டும்.

பள்ளிக்கூட அறை. நனைந்த கம்பளியின் வாடை.
விறகடுப்புச் சாம்பலில் யாரோ
உருளைக்கிழங்கு புதைத்திருந்தார்கள்.
வால்திவியாவிலிருந்து நான் சுமந்துவந்தவை
ஒரு மடிக்கணினி, ஏழு அளவுகோல், நான்கு வழி:
கல்லறைக்கு மேலே குன்றில் காற்றாலை,
கால்வாய்க்குள் ஓதம் சுற்றும் சுழலி,
கூரைகளில் சூரியத் தகடு,
விழுந்த மரங்களைத் தின்னும் கொதிகலன்.

இரண்டிரண்டாக நிறுத்திக் கேட்பேன்.
எது மேல்? எவ்வளவு மேல்?
யாரும் எண்ணில் பதில் சொல்வதில்லை.
சற்று, என்பார்கள். கொஞ்சம் கூடுதல். அட, ரொம்பவே.
ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று எண் வைத்திருக்கிறது என் முறை:
குறைந்தது இவ்வளவு, அநேகமாய் இவ்வளவு,
மிஞ்சிப்போனால் இவ்வளவு.
வரைந்து பார்த்தால் சின்னக் கூடாரம்.
தயங்குகிறவர்கள் அதற்குள் உட்கார்ந்துகொள்ளலாம்.

எடுவினா பாயாகர் மட்டி வளர்ப்பவர்.
அவர் பதில்களைத் தட்டியதும் திரை சிவந்தது.
முரண் விகிதம் புள்ளி மூன்று ஒன்று.
புள்ளி ஒன்றைத் தாண்டினால்
திருத்தச் சொல்லவேண்டும் என்பது விதி.

"சூரியனைவிடக் காற்று மேல் என்கிறீர்கள்.
ஓதத்தைவிடச் சூரியன் மேல்.
அப்படியென்றால் ஓதத்தைவிடக் காற்றுதானே?
மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள், சென்யோரா."

"மாற்றவில்லை.
ஜூலையில் சூரியன் எங்களுக்கு வெறும் வதந்தி. காற்று மேல்.
சுழலி என் மட்டிக் கயிறுகளுக்குப் பக்கத்தில் இறங்கும்,
தகடு ஒருவரையும் தொந்தரவு செய்யாது. சூரியன் மேல்.
என் வீட்டுக்காரருக்கு மூச்சுக் கருவி ஓடிய வாரம்
மூன்று இரவு ஓர் இலை அசையவில்லை.
கால்வாய் மட்டும் நேரம் தவறாமல் வந்து வந்து போனது.
ஓதம் மேல்.
இதில் எதைத் திருத்த?"

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

பின்வரிசையிலிருந்து ருபெர்த்தோ:
"கெட்டுப்போனால் யார் வருவார்?
ஆகஸ்டில் ஒன்பது நாள் படகு கிடையாது."
பழுது என் பட்டியலில் ஆறாவது.
எடை புள்ளி பூஜ்யம் ஆறு.
இரட்டிப்பாக்கினேன்.
முதலில் நின்ற ஓதம் மூன்றாவதுக்கு நழுவியது.
காற்று ஏறியது.
இன்னும் சற்றே தள்ளினேன்,
ருபெர்த்தோவின் மகன் ஏணி வைத்தே சரிசெய்யக்கூடிய தகடுகள்
வெயிலே இல்லாத ஊரில் முதலிடம்.
நூறில் ஒரு பங்கு
என் விரல் நகர்ந்ததற்கு ஒரு தீவு இடம் மாறுகிறது.

ஏறத்தாழ, என்று எனக்குள் முணுமுணுத்தேன்.
எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பேன் அந்தச் சொல்லை!
ஏறுவதும் தாழ்வதும் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது,
ஜன்னலுக்கு வெளியே
இருட்டில் தண்ணீர் கிடந்ததுபோல.

பதினொன்று. ஜெனரேட்டர் இருமி நின்றது.
திரை மட்டும் மிச்சம், பத்தொன்பது சதவீதம்.
தூக்கிய கைகள் தெரியவில்லை,
அதனால் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள்.
காற்று. ஓதம். காற்று. தகடு. ஓதம்...
எண்ணி முடித்தபோது பதினேழு.
அறையில் இருந்தது பதினாறு பேர்.

இரண்டு முறை சொன்னது யாரென்று நான் கேட்கவில்லை.
எடுவினாவின் வரிசையையும் திருத்தவில்லை,
சிவப்பாகவே சேமித்தேன்.

யாரோ என் உள்ளங்கையில்
சூடான கிழங்கு ஒன்றைத் திணித்தார்கள்.
ஒரு பக்கம் கருகி, மறுபக்கம்
இன்னும் வேகாமல்.