வாத்து தொடா இலை

குளம் நான் வெட்டியது.
வாத்து அவர் வாங்கியது.
கவுந்தப்பாடிச் சந்தைக்கு
நாட்டுச்சர்க்கரை மூட்டை ஏற்றிப் போனவர்
திரும்பும் வழியில், வாய்க்கால் மேட்டில்,
அறுத்த வயலை மேய்ந்த கூட்டத்திலிருந்து
ஆறு உருப்படி பிடித்துக் கூடையில் கவிழ்த்து வந்தார்.
"முட்டைக்கு ஆகும் புள்ள" என்றார்,
குளத்தைப் பார்க்காமலே.

பொடக்காலியில் எட்டடிக்கு ஆறடி.
தார்ப்பாய் விரித்து, கரைக்குச் செம்மண் பூசி,
சித்திரை முழுக்க என் முதுகு வெட்டிய குளம்.
வெள்ளை அல்லி ஒன்று வைத்திருந்தேன்.
சாயங்காலம் மூன்று இலை.
விடிந்தபோது மூன்று காம்பு.
ஆகாயத்தாமரை ஒரு பகலுக்கு வந்தது,
வல்லாரை அதற்கும் வரவில்லை.
பொன்னாங்கண்ணியை,
நட்ட கையில் ஈரம் காயுமுன்
வேரோடு இழுத்து, வேரை உதறி,
மண்ணை மட்டும் எனக்குத் துப்பிவிட்டுப் போயின.

நாற்றுப்பண்ணை சென்னியங்கிரி
இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்:
"வாத்து திங்காத செடியா?
பிளாஸ்டிக்குல வருதுங்க."

ஆடு தொடாததற்கு ஆடாதொடை என்று
பேரே வைத்துவிட்டார்கள்.
வாத்து தொடாததற்கு?
ஒருத்தரும் உட்கார்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.
நான் உட்கார்ந்தேன்.

நாளுக்கு ஓர் இலை.
கிழித்த நாள்காட்டித் தாள்களில்
முன்பக்கம் ராகு காலம்,
பின்பக்கம் வாத்தின் தீர்ப்பு.
வசம்பு: அலகில் வாங்கியது, உதறியது.
எலுமிச்சைப்புல்: சுற்றிக்கொண்டு போயின.
நொச்சி: திரும்பியும் பார்க்கவில்லை.
கல்வாழை: பெரியவை விட்டன, சின்னது தின்றது. மறுபடி பார்க்கணும்.
கற்றாழை: கொத்தி, ஏமாந்து, என்னை முறைத்தது.
சேம்பு: ஒரே கடி. அப்புறம் வெகுநேரம்
தண்ணீரில் அலகைக் கழுவிக்கொண்டே இருந்தது.
நாக்கு அரித்திருக்கும், பாவம்.

"அரளி வைங்க, ஒண்ணும் அண்டாது"
என்றாள் எதிர்வீட்டுப் பூவாத்தாள்.
அரளியில் மட்டும் நான் இலை கிள்ளவில்லை.
தெரிந்து விலகுமா, தெரியாமல் தின்னுமா
என்று கேட்டுப் பார்க்க
எனக்குத் தாள் இருந்தது, கை வரவில்லை.

ஆடி பிறந்ததும் நட்டேன்.
கரை நெடுக வசம்பு.
மூலைக்கொரு சேம்பு.
அக்கட்டாலே மேட்டில் எலுமிச்சைப்புல்.
ஒவ்வொரு தூருக்கும் பவானி ஆற்றுக் கல்,
அலகு நுழையாத இடுக்காகப் பார்த்துப் பார்த்து.
தின்னவில்லை.
நான் எழுதியபடியே, ஒன்றைக்கூடத் தின்னவில்லை.
வசம்பின் மேல் படுத்துக்கொண்டன.
உச்சி வெயிலுக்கு ஆறும் ஒரே வரிசையாக,
ஒறம்பரைக்கு விரித்த பாய் மாதிரி.
படுப்பதைப் பற்றி
என் குறிப்பில் எங்கேயும் இல்லை.

"புல்லு வச்சே, கல்லு வச்சே,
முட்டையக் காணோமே" என்று
தினமும் சோற்றுத் தட்டிடம் சொல்வார் அவர்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை
டீக்குப் போட எலுமிச்சைப்புல் அறுக்கப் போனேன்.
தூரை விலக்கினால்
வெள்ளையும் இளம்பச்சையுமாகப் பதினொன்று,
சேறு படாமல், காய்ந்த தோகை மெத்தையில்.
தின்ன ஆகாது என்று நான் எழுதிய செடியை
அவை வேறொரு கணக்கில்
எப்போதோ எழுதியிருக்கின்றன.

தண்ணீரில் போட்டு, மிதந்த நாலைக் களைந்து,
மீதியைப் பொரித்தேன்.
"புல்லு வாசம் அடிக்குது" என்றார்.
அடிக்காது. ஓடு முழுசாக இருந்தது.
"ஆமாங்க" என்றேன்.

குளத்தில் இன்னும் அல்லி இல்லை.
நடுவில், கம்பிவலைக் கூண்டுக்குள்,
சுருண்ட இலை ஒன்று ஏறி வருகிறது.
சின்னது மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி நீந்துகிறது,
பஸ்ஸுக்கு நிற்கிறவர் மணி பார்க்கிற மாதிரி.