டிரம்ஸ்: துளுக்காணம்

முதலில் எங்களுக்குப் பெயர் இல்லை, டிரம்மரும் இல்லை.
இருந்தது ஒரு சிந்தசைசர்.
பர்மா பஜாரில் இம்தியாஸ் கடைக்கு ரிப்பேருக்கு வந்து
சொந்தக்காரன் திரும்பியே வராதது.
கீழ்ப்பக்கம் இரண்டு கட்டை உப்புப் பிடித்து
அழுத்தினால் எழுந்திருக்காது.
அந்த இரண்டையும் தொடாமல்தான்
எங்கள் எல்லாப் பாட்டும்.

காசிமேட்டில் ஐஸ் பேக்டரி மாடி.
உடைந்த மீன்கூடைகளைத் தள்ளி வைத்து இடம் பண்ணினோம்.
வாடகை கிடையாது.
பவுலினின் அம்மா ஏலத்தில் போடும் சத்தத்துக்கு
முதலாளியே பயப்படுவார்.

கீழே கம்ப்ரஸர்.
தட் தட் த, தட்.
முதல் வாரம் திட்டினோம்.
இரண்டாம் வாரம் எண்ணத் தொடங்கினோம்.
ஒரு வியாழக்கிழமை பவுலின் கண்ணை மூடிக்கொண்டு
அதன்மேல் தாவி ஏறிப் பாடிவிட்டாள்,
நிற்காத பஸ்ஸில் புட்போர்டு பிடிப்பது மாதிரி.

சாயங்காலம் ஏழு மணிக்கு
தண்டையார்பேட்டை முழுக்க டிவி போடும்.
வோல்டேஜ் இறங்கும்.
கம்ப்ரஸர் மூச்சு வாங்கும்.
பாட்டும் கூடவே படியிறங்கும்.
பதினொன்றுக்கு மேல் ஊர் அடங்கியதும்
அதே பாட்டு
போலீஸைப் பார்த்தவன் போல ஓடும்.
லோ வோல்டேஜ் என்று பெயர் வைத்தது யார் என்பதில்
இன்னமும் தகராறு. நான்தான்.

அம்மோனியா வால்வைத் திருகுகிறவன் துளுக்காணம்.
இருபத்துநாலு வயது, தாத்தா பேர்.
"மாத்திக்கலாம்னு பாத்தேன், ஆதார்ல ஏறிப்போச்சு."
எங்கள் இசை பற்றி அவன் சொன்ன ஒரே விமர்சனம்:
"கொஞ்சம் மெதுவாணா.
மிஷின் சத்தம் எனக்குக் கேக்கணும்."

ஏப்ரல் பதினைந்து, தடைக்காலம்.
போட்டெல்லாம் கட்டிப் போட்டாயிற்று, ஐஸ் யாருக்கு?
கம்ப்ரஸரை நிறுத்தினார்கள்.
அறுபத்தொரு நாள் எங்களுக்குத் தாளம் இல்லை.
மாடியில் மூன்று பேரும்
வீடு மாற்றிப் போனவர்கள் விட்ட நாற்காலிகள் போல
உட்கார்ந்திருந்தோம்.
இம்தியாஸ் ஒரே கம்பியை மீட்டினான்.
அது அடங்கும்வரை பவுலின் காத்திருந்தாள்.
அடங்கிய பிறகும் காத்திருந்தாள்.
அப்படி வந்தது ஒன்பது பாட்டு.
போலந்திலிருந்து ஒருவர் எழுதினார்:
இந்த அமைதியை எந்தக் கருவியில் செய்தீர்கள்?
மீன்வளத்துறை என்று பதில் போட்டேன்.

பிறகு நுங்கம்பாக்கம்.
ஏசி ஹால், பேக்கப் கரண்ட்டு,
கம்ப்ரஸரைப் போனில் பதிந்து எடுத்துப் போனோம்.
சவுண்ட் இன்ஜினியர் கேட்டார், டெம்போ எவ்வளவு?
இம்தியாஸ் கேட்டான், இப்ப மணி என்ன?
ஏழு அடித்தது.
பவுலின் பழக்கத்தில் குரலை இறக்கினாள்.
பதிவு இறங்கவில்லை.
அது பாட்டுக்குப் போயிற்று.
துரத்திப் பிடிக்கப் பார்த்து
உப்புப் பிடித்த கட்டையில் கை வைத்துவிட்டேன்.
அது எழுந்திருக்கவே இல்லை,
ஒரே சுரம், ஹால் முழுக்க,
பிளக்கைப் பிடுங்கும்வரை.
கைதட்டியவர்கள் பதினாறு பேர்.
பதினொரு பேர் காசிமேடு.

சண்டை போட்டுப் பிரிந்ததாகச் சொன்னால்
கதைக்கு அழகாக இருக்கும்.
இம்தியாஸுக்கு ஷார்ஜாவில் வேலை.
பவுலினுக்குத் துறைமுகத்தில் பில்லிங்.
நான் எண்ணூர் ரோட்டில்
கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிறேன்.

போன வருஷம் அந்த ஒன்பதோடு
பழைய பாட்டுகளையும் சேர்த்து வெளியிட
யாரோ கேட்டார்கள்.
கலைஞர்கள் பட்டியல் வேண்டுமாம்.
டிரம்ஸ் என்ற இடத்தில் அவன் பேரை எழுதினோம்.
"நான் எப்பணா வாசிச்சேன்?"
குரூப்பில் சேர்த்துவிட்டோம்.
ஆறு மாதம் ஒன்றும் எழுதவில்லை,
ஒரு குட்மார்னிங் பூகூட இல்லை.

நேற்று ராத்திரி அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.
பதினேழு செகண்ட். பேச்சே இல்லை.
தட் தட் த,
தட்.

நான் மூன்று தடவை கேட்டேன்.
ஷார்ஜாவில் நீல டிக் விழுந்தது.
பவுலின் டைப் பண்ணிக்கொண்டிருந்தாள்,
நிறுத்தினாள், மறுபடி பண்ணினாள்:

"இன்னாடா, இவ்ளோ ஸ்லோவா போவுது?
அங்க கரண்ட்டு கம்மியா?"