மரம் நீங்கலாக

காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ரீசார்ஜ் கடை மாடி.
மடிக்கணினியில் புதிய மதிப்பீடு திறந்தால்
எண்ணை அதுவே போட்டுக்கொள்கிறது: 0047.
முந்தைய நாற்பத்தாறில்
பணமாய் வந்தது பத்தொன்பது.
அதையும் வட்டப்படமாய் வரைந்து காட்டுகிறது,
கேட்காமலே.

பெறுநர்: சம்பங்கி, மாம்பழக்கூழ் ஆலை.
பணி: டப்பா லேபிளுக்கு ஒளிப்படம்.
அலகு என்ற கட்டத்தைத் தொட்டதும்
கிலோ, லிட்டர், பெட்டி, மூட்டை, மணிநேரம் என்று
இறங்குகிறது பட்டியல்.
ஒரு படம் எத்தனை கிலோ?
கடைசியில் கிடந்தது 'எண்ணம்'.
சரி, ஒரு எண்ணம்.

படப்பிடிப்பு, அரைநாள்.
லென்ஸ் வாடகை, ஓசூர் போகவர பஸ் உட்பட.
பழம் பதினெட்டு, ஆலை தந்தது, ரூபாய் சுழியம்.
சுழியத்தையும் எழுதிவிட வேண்டும்.
எழுதாத சுழியத்தில்தான்
பேரம் வந்து உட்காரும்.

அடுத்தது பயன்பாட்டு உரிமை.
லேபிள் மட்டும். ஓராண்டு. தமிழ்நாடு, கர்நாடகம்.
துபாய்க்குப் போனால் தனி.
பேருந்து முதுகில் ஒட்டினால் தனி.
போன வருடம் இந்த வரி இல்லாத ரசீதில்
நான் விற்ற ராயக்கோட்டைத் தக்காளி
சுங்கச்சாவடி வரிசையில்
லாரித் தார்ப்பாயில் ஆறடி அகலத்துக்கு
என்னைத் தாண்டிப் போனது,
ஹாரன் அடித்துவிட்டு.

சம்பங்கி கூப்பிட்டார்.
"படம் புடிச்ச, காசு தர்றேன்.
அதென்ன ஓராண்டு?"
லைசென்ஸ் என்றேன்.
அவருக்கு அது பர்கூரில் வண்டியை மடக்கியவர் கேட்டது.
ராயல்டி என்றேன்.
அது கல்குவாரிக்காரன் கட்டுறதாச்சே.
"அண்ணே, சந்தூர்ல தோப்பு எடுத்தீங்களே, வாங்குனதா?"
"எவன் வாங்குவான்? குத்தகை."
"பறிச்ச காய்?"
"என்னுது."
"மரம்?"
அந்த முனையில் கொஞ்ச நேரம்
கூழ் இயந்திரம் மட்டும் பேசியது.

பிறகு அவர் என்னை விடவில்லை.
பூவில் பேசினால் ஒரு விலை, பிஞ்சில் ஒரு விலை,
ஒரு வருசம் காய்த்த மரம் மறுவருசம் படுத்துக்கும்,
அதனால ரெண்டு வருசமாப் போடு.
ஆலங்கட்டி மழை பெய்தால் குறைப்பியா?
இதே மரத்தைப் பக்கத்து ஆலைக்கு ஏலம் விடுவியா?
தனியுரிமை: ஆம். கூடுதல் முப்பது சதவீதம்.
ஆலங்கட்டிக்கு மென்பொருளில் கட்டம் இல்லை,
'குறிப்புகள்' பெட்டியில் போட்டேன்.

வைக்கும்போது சொன்னார்:
"அந்தக் கைய மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிடு."

பழத்தைப் பிளந்து பிடித்திருப்பது மாதம்மாளின் கை.
தோல் சீவுகிறவர்.
காம்புப் பால் தெறித்து மணிக்கட்டில் கருந்திட்டுகள்,
விரலிடுக்கில்
எந்தச் சோப்புக்கும் போகாத மஞ்சள்.
கறை நீக்கம், ஒரு எண்ணம், எண்ணூறு
என்று அடித்தேன்.
மொத்தம் தானாக ஏறியது.
ஏறினபடி அரைமணி நேரம் நின்றது.

அழித்தேன்.
அதே வரியில்: கை, மாதம்மாள், ஆயிரத்து ஐநூறு,
அவர் கணக்குக்கே நேராக.
ஒப்புதல்: பெறப்பட்டது, இல்லை.
இல்லை என்றுதான் இருந்தது.
மரம் யாருடையது என்று
அத்தனை நேரம் பேசிய வாய்
இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலை ஷிப்ட் மணிக்கு முன் போன் செய்தேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு,
"எத்தினி வருசத்துக்கு?" என்றார்.
ரெண்டு.
"வளையலும் தெரியுதா அதுல?"
தெரியுது.
"அது எங்க நாத்தனாருது.
அவளயும் ஒரு வார்த்த கேட்டுக்க."

வரி ஆறு: வளையல், ஒரு எண்ணம்.
விலைக் கட்டம் காலி.
சேமிக்க மாட்டேன் என்கிறது மென்பொருள்.