மல்லாந்து அளந்தது

பரேல் ஆஸ்பத்திரி, நாலாவது மாடி.
இரவு இரண்டே கால்.
பகலின் மிச்சம் ஒரு சொட்டும் ஜன்னலில் இல்லை என்று
பார்த்த பிறகே மீட்டரின் மூடியைக் கழற்றினேன்.

கறுப்புச் சட்டை போட்டிருந்தேன்.
வெள்ளை உடுத்தி அளந்தால்
என் நெஞ்சில் பட்டுத் திரும்பும் ஒளியும்
கணக்கில் ஏறிவிடும்.

இரண்டு மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் வட்டம்.
முக்காலியை அதில் நிறுத்தி
நாலடி பின்வாங்கி எண்ணைச் சொன்னேன்:
இருநூற்றுப் பத்து. இருநூற்று நாலு.
தூணருகே நூற்றுத் தொண்ணூறு.
வார்டு பாய் தாம்பே கொட்டாவியோடு எழுதினான்.
எல்லாம் சரி.
கண்கூச்சக் குறியீடும் எல்லைக்குள்.
கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தபோது

லிஃப்ட் திறந்தது.
ஸ்ட்ரெச்சரில் ஒருத்தி.
ஒவ்வொரு விளக்கின் கீழும் இமையை இறுக்கினாள்,
இடைவெளியில் திறந்தாள்,
மறுபடி இறுக்கினாள்.
கையால் மறைத்திருப்பாள்.
கையில் ஊசி, ஊசியில் குழாய்.

நான் அளந்ததெல்லாம்
நிற்கிற கண்ணுக்கு,
நேரே பார்த்து நடக்கிற கண்ணுக்கு.

திரும்பி வந்த காலி ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தேன்.
"நோயில்லாம இதுல படுக்கக் கூடாது மேடம்,
அபசகுனம்."
"தள்ளு தாம்பே."

ஒரு சக்கரம் மட்டும் கீச்சிட்டது.
இன்னொரு மீட்டர், கண்ணோரம் வைத்துக் குறிபார்க்கிறது,
அதை நெற்றியில் முட்டுக்கொடுத்துப் பிடித்தேன்.
முதல் விளக்கு: முப்பத்தெட்டாயிரம் கேண்டெலா.
அடுத்தது நாற்பதாயிரம்.
பிறகு நான் படிக்கவில்லை, எண்ண மட்டும் செய்தேன்.
தியேட்டர் கதவுவரை முப்பத்தொன்று.

மீட்டருக்கு இமை இல்லை,
எண்ணைச் சொல்லிவிட்டு அது பாட்டுக்கு இருந்தது.
எனக்குத்தான் நீர் வழிந்து காதில் இறங்கியது.
தாம்பே அதை வேறேதோ என்று நினைத்து
வேகத்தைக் குறைத்தான்.
வெளிச்சம் இன்னும் மெதுவாகக் கடந்தது.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்:
விளக்குகளை நடுவிலிருந்து எடுத்துச்
சுவரோரம் மறைத்து வைக்கவும்.

காலையில் போனில் ஒப்பந்தக்காரர் ஜரிவாலா:
"கூரையை யாரும்மா பார்க்கப் போறாங்க?"

தாதர் வரை
லோக்கலில் கம்பியைப் பிடித்து நின்றேன்.
இறங்கும்போது பின்னாலிருந்த பெண் தட்டிவிட்டாள்,
என் கறுப்பு முதுகு முழுக்க
விரிப்பின் வெள்ளைப் பஞ்சு.