கூடுதல் இருப்பு

நாலாம் குறுக்குத்தெருக் கிட்டங்கியில்
இருபத்தாறு வருடம் கணக்கு எழுதுகிறேன்.
பருப்பு குறைந்தால் முதலாளி கத்துவார்.
கூடினால் கத்தமாட்டார்.
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
மெல்லக் கேட்பார்: இது எங்கிருந்து வந்தது?

அதைத்தான் டொக்டரும் கேட்டார்,
என் இரத்த ரிப்போட்டைப் பார்த்து.
நாற்பத்தைந்துக்குள் நிற்கவேண்டியது
ஐம்பத்தெட்டில் நிற்கிறதாம்.
எலும்புக்குள்ளே எவனோ
நைட் ஷிப்ட் முடிந்தும் மெஷினை நிறுத்தவில்லை.

முதலில் வந்தது குளியலில்.
ஜம்பட்டா வீதி வீட்டில்
துவாயால் துடைத்து ஐந்து நிமிடம்,
தொடையெல்லாம் கடியெறும்பு.
தோலில் ஒரு தடிப்பும் இல்லை.
றெஜினா மூன்று தரம் சவர்க்காரத்தை மாற்றினாள்,
பிறகு பைப்புத் தண்ணீரைத் திட்டினாள்,
பிறகு என்னையே ஒரு மாதிரிப் பார்த்தாள்.

முகம் சிவந்தது.
"அண்ணன் காலையிலேயே போட்டாச்சு" என்றார்கள்
மூட்டை இறக்கும் பொடியன்கள்.
இரவில் கால் பெருவிரல் நெருப்பு;
சீமெந்துத் தரையில் அதை வைத்துக்கொண்டுதான் நித்திரை.
இரண்டு வாய்ச் சோற்றோடு வயிறு நிறைந்துவிடும்.
இடப்பக்கம் மண்ணீரல்
கேட்காமல் அறையைப் பெருப்பித்துக் கொண்டிருந்ததை
யார் கண்டது?

வைத்தியம் பழைய வைத்தியம்:
குத்தி வடிப்பது.
மாதம் ஒரு பை. தடித்த இரத்தம், ஆறுதலாகத்தான் இறங்கும்.
பிறகு சின்ன அஸ்பிரின் ஒன்று.
பிறகு அந்தக் குளிசை; மூடியில் தட்டி
அப்படியே வாயில் போடவேண்டும்.
றெஜினா கையால் தொடக்கூடாதாம்.
என் வருத்தத்தில் அவளுக்கு அழுகை வந்தது
அந்த ஒரு இடத்தில்தான்.

பக்கத்துக் கதிரையில் அவிசாவளைக் குலசூரிய.
அவருடைய எலும்பில் மெஷின் நின்றுவிட்டது.
எனக்கு இறங்கும், அவருக்கு ஏறும்.
"குழாயை மாற்றிக் குத்துங்கோ மிஸ்,
ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவம்"
என்று சிங்களத்தில் சொல்வார், ஒவ்வொரு மாதமும்.
மிஸ் சிரிப்பதில்லை.
என் பை மஞ்சள் வாளிக்குள் போகும். எரிக்க.
பழுதான சரக்கு எத்தனையோ
தள்ளுபடி எழுதியிருக்கிறேன்.
சூடு ஆறாத சரக்கு இதுதான்.

கடையில் பிரஷர் கிளினிக் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
பஸ்ஸிலும் பொய்தான்:
நூற்று முப்பத்தெட்டில் ஏறி
நாவின்ன என்று டிக்கெட் எடுப்பேன்,
மிச்சத்தை நடப்பேன்.
மற்ற ஊரின் பெயரைச் சொன்னால்
பக்கத்தில் இருப்பவர் பையை மடியில் இழுத்துக்கொண்டு
என் தலைமயிரைப் பார்ப்பார்.

இன்று நல்ல மழை.
சப்பாத்துக்குள் விரல் எரிகிறது.
நடக்க ஏலாது.

மகரகம, என்றேன்.

கொண்டக்டர் நிமிரவே இல்லை.
காசை எண்ணிவிட்டு
இன்னும் பத்து ரூபாய் தாங்கோ என்றான்.