ஓரக்கோடு

ஷேவ் எடுக்கேக்கை வெட்டினது எண்டுதான் முதல் நினைச்சன்.
மூக்கின்ரை இடப்பக்க மடிப்பில்
ஒரு உளுந்தளவு.
காயும், பொருக்கு விழும்,
பிறகு குருநகர் மைதானத்தில்
பெனால்டிக்கு விசில் ஊதி முகத்தைத் துடைச்சால்
லேஞ்சியில் சிவப்பாய் ஒரு பொட்டு.

பதினாலு மாதம் இப்பிடி.
செபமலர் மஞ்சள் பூசினாள்.
பார்மசிக்காரர் மூண்டு ரியூப் வித்தார்.
"சேர், உங்கடை மூக்குக்கு ரெட் காட்"
எண்டு ஒரு கோல்கீப்பர் பெடியன் சிரிச்சான்.
அவனுக்கு மஞ்சள் காட்டினன்.

தெல்லிப்பழையில் துண்டெடுத்து அனுப்பி
மறுமொழி வந்த நாள்
டொக்டர் தர்மினி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா.
"புற்றுநோய்தான், பொனிப்பாஸ்" எண்டா,
பாரை மீன் விலை சொல்லுற குரலில்.
"ஆளைக் கொல்லுறது அபூர்வம்.
விட்டால் மூக்கை அரிக்கும்."

முப்பத்தொரு வருசம் தொப்பியில்லாமல் ஓடினீங்களோ?
ஓம்.
தொப்பி போட்ட ரெஃபரியை ஆர் மதிக்கிறது?

கிறீம் இருக்காம், கிழமைக்கணக்காய்ப் பூசவேணுமாம்,
மேற்தோலோட நிண்டதுக்குத்தான் அது கேட்குமாம்.
முதுகில் சின்னதாய் வந்திருந்தால்
நைதரசன் அடிச்சு உறையவைக்கலாமாம்.
கத்தி தாங்காத உடம்பெண்டால் கதிர்;
திரும்பத் திரும்ப பஸ் ஏறவேணும்.
"உங்களுக்கு வெட்டுறதுதான் சரி."

கிறீம்? எண்டு இன்னொருக்கால் கேட்டன்,
ஓஃப்சைட் எண்டு கை தூக்குற ஃபோர்வேட் மாதிரி.
அவ விசில் மாத்தேல்லை.

ஊதா மையால் கோடு கீறினா.
உளுந்தைச் சுற்றி ஒரு கொத்தமல்லிக்கும் மேலே வட்டம்.
"நல்ல தோலை ஏன்?"
"வேர் எங்க நிக்குதெண்டு கண்ணுக்குத் தெரியாது."

விறைப்பூசி. தகரம் கிழியிற சத்தம் மூக்குக்குள்ளை.
நோவில்லை, சத்தம்தான்.
ஏழு தையல்.

பத்தாம் நாள் ஃபோன்.
மூண்டு பக்கம் சுத்தம்.
கன்னப் பக்க ஓரத்தில் மட்டும்
இன்னும் தொட்டுக்கொண்டு நிக்குதாம்.
தொட்டால் என்ன, சின்னனாய்த்தானே எண்டு
வாயெடுத்த நான் நிப்பாட்டினன்.
பந்தின்ரை ஒரு நூல் கோட்டில் பட்டாலும்
பந்து உள்ளேதான்.
எத்தினை பேரோட சண்டை பிடிச்சிருப்பன் இதுக்கு.

திங்கள் திரும்ப வெட்டு.

ஞாயிறு இறுதி ஆட்டத்தை வேறொருத்தன் ஊதுறான்,
ரெண்டு பிழை விட்டிட்டான்.
நான் வேப்பமர நிழலில், பிளாஸ்ரரோட.
செபமலர் வாங்கின தொப்பி மடியில்.
விலைத்துண்டு இன்னும் கழட்டேல்லை.