பால் காட்டாத சொல்

மார்ச் எட்டு. மொந்தேவிதியோ.
பதினெட்டு ஜூலை சாலையோரம்
ஒரு மடக்கு மேசை, கைப்பிடி வைத்த இரும்பு அச்சு.
தகரத்தின் மேல் ஊதாத் தாள்,
தாளின் மேல் பெண்ணியவாதி என்று ஒரே சொல்.
அழுத்தினால் கடுக்கென்று ஒரு பேட்ஜ் விழும்.
காலையிலிருந்து முந்நூற்றுப் பதினொன்று.
என் வலது தோள் இப்போது எனக்குச் சொந்தமில்லை.

நெல்சன் எச்செவெரி வந்தார்.
அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே குடுவை.
"ஒன்று கொடு, தெல்மா."
யாருக்கு என்றேன்.
"எனக்குத்தான்."

எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு
ஆண் வாலும் இல்லை, பெண் வாலும் இல்லை.
அவர் குத்திக்கொண்டாலும்
நான் குத்திக்கொண்டாலும்
ஓர் எழுத்து மாறாது.
அச்சுக்கு அது வசதி.
எனக்கு இல்லை.

நெல்சனை எனக்குத் தெரியும்.
பேருந்துத் தொழிற்சங்கத்தில் ஒருமுறை
சம ஊதியம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.
நன்றாகவே பேசினார், நானும் கைதட்டினேன்.
கடைசி வரிசையில் மிர்த்தா
அவருடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.
அவள் கை தூக்கியபோது
மண்டபத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டது.
பூட்டியவர் நெல்சன் இல்லை, அதையும் சொல்லவேண்டும்.
காவலாளிதான்.

"மிர்த்தா என்ன சொல்வாள் இதற்கு?"
"அவளா?" சிரித்தார். "அவள் என்னைவிடப் பழமைவாதி."
சிரிப்பு பாதி வழியில் நின்றது.
குழாயை வாயில் வைத்து
காலிக் குடுவையை உறிஞ்சினார்.

என் அண்ணன் ரூபென்
இந்தச் சொல் காதில் விழுந்தாலே சேனல் மாற்றுவான்.
பெண் ஓட்டும் டாக்சியில் ஏறமாட்டான்.
அம்மா படுத்த படுக்கையாகி ஒன்பது வருடம்.
தூக்குவது அவன், துடைப்பது அவன்,
நகம் வெட்டிச் சாயம் பூசுவதும் அவன்,
சிவப்புத்தான் வேண்டும் அவளுக்கு.
நானும் தங்கையும்
ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு போவோம்.
அவனிடம் இந்தத் தகரத்தை நீட்டினால்
ஜன்னல் வழியே எறிவான்.
யார் நெஞ்சில் குத்துவது?

நான் இலக்கணம் படித்தவள் இல்லை.
ஆனாலும் தோன்றுகிறது:
பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை
எவரும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.
வினைச்சொல் என்று வந்துவிட்டால்
யார், எப்போது, முடிந்ததா, இன்னும் நடக்கிறதா
எல்லாம் கேட்கும் அது.

நெல்சனிடம் இதைச் சொல்லவில்லை.
அவருக்குப் பின்னால் ஆறு பெண்கள் நின்றார்கள்.
"முப்பது பேசோ."
சில்லறையாக எண்ணித் தந்தார்.
குத்திக்கொள்ளாமல் சட்டைப்பைக்குள் போட்டார்.
வெட்கமா, எச்சரிக்கையா, தெரியவில்லை.
ஆண்கள் ஊர்வலத்தில் நடக்கவேண்டாம்,
கிளப் மண்டபத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று
இந்த வருடம் சொல்லியிருந்தோம்.
அவர் மண்டபத்தின் பக்கம் திரும்பினாரா
நேரே போனாரா
பார்ப்பதற்குள் மேளங்கள் வந்துவிட்டன.

இரவு பத்தரைக்கு வீடு.
தோளில் ஐஸ் கட்டி.
மகள் ஐனாரா துணி மடிக்கிறாள்.
மகன் காலை நீட்டி கால்பந்து பார்க்கிறான்.
"தம்பி சாப்பிட்டானா? சூடு பண்ணிக் கொடேன்."

சொன்னது நான்தான்.
பகல் முழுக்கக் கோஷம் போட்டுக் கம்மிய
இதே தொண்டைதான்.

ஐனாரா மடிப்பதை நிறுத்தவில்லை.
என் மார்பிலிருந்த பேட்ஜைப் பார்த்தாள், ஒரே ஒருமுறை.
பிறகு தம்பியின் காலுறை ஒன்றை
ஜோடி தேடாமல்
என் பக்கம் தள்ளினாள்.

கழற்றினேன். ஊசி விரலில் கொஞ்சம் ஏறியது.
விற்காமல் மீந்த பதினேழோடு சேர்த்துப் பெட்டியில் போட்டேன்.
நாளைக்கு எடுப்பேனா, தெரியாது.

"புரூனோ, எழுந்திரு."
"இன்னும் ஆறே நிமிடம் அம்மா."

ரிமோட் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.